லேசர் ஒளிச்சிதறல் அமைப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

லேசர்க் கதிரைத் திரவ மாதிரியினூடே விட்டு, அதிலுள்ள நுண்துணிக்கைகள் சிதறும் ஒளியை அளக்க ஆய்வுகூடத்திலேயே பூட்டிய ஓர் அமைப்புக்கு இந்த வழிமுறை உரியது. அதில் இருப்பவை: 5 முதல் 10 மில்லிவாற் லேசர் (632.8 நனோமீற்றர் ஹீலியம்-நியோன், 650 சிவப்பு டயோட், அல்லது 532 பச்சை), 100 மி.மீ. குவியத்தூர வில்லை, 10 மி.மீ. சதுர மாதிரிக் கலம் அல்லது வட்டக் குப்பி, பாகை குறித்த சுழல் கை. கோணத்துக்குக் கோணம் செறிவு அளக்க ஒரு போட்டோ டயோட். துணிக்கையின் அளவு காண ஒரு பி.எம்.டி. குழாயும் (மிக மங்கிய ஒளியையும் பெருக்கி எண்ணும் உணரி) கோரிலேற்றரும் (சிதறிய ஒளி எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை இறங்கும் வளையியாகக் காட்டும் கருவி).

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை அண்டிய கட்டடங்களில் இப்படியொரு அமைப்பைக் குழப்புபவை பெரும்பாலும் தூசி, உப்பு, ஈரம், வேண்டாத வெளிச்சம் என்பவைதான். லேசரோ பி.எம்.டி. குழாயோ பழுதாவது அரிது. ஆனால் வாசிப்புப் பிழைத்தவுடன் கை போவது அவற்றிடம்தான். கழற்றிப் பூட்டுவதில் சீராக்கம் குலைந்து, ஒரு பிழை இரண்டாகிவிடும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், விலை கூடியது கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

5 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட கண்ணுக்குத் தெரியும் லேசர் 3பி வகுப்பைச் சேரும். கதிரின் உயரம் கதிரையில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு வரக்கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றிய பிறகே கை உள்ளே போக வேண்டும். லேசர்க் கதிரை வெள்ளை அட்டையில் பாருங்கள், கதிரின் வழியே ஒருபோதும் பார்க்காதீர்கள்.

## எதையும் கழற்ற முன்: நான்கு வாசிப்பு

எந்த அறிகுறியானாலும் இதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் 60 செக்கன் எடுத்தால் போதும்.

1. லேசரை மூடி, பெட்டியையும் மூடி: இருள் வாசிப்பு.
2. லேசர் எரிய, மாதிரிக் கலம் இல்லாமல்: வெறுமை வாசிப்பு.
3. வடிகட்டிய நீர் நிரப்பிய கலத்துடன்: நீர் வாசிப்பு.
4. மாதிரியுடன்.

முதலாவது உயர்வாக இருந்தால் வெளிச்சம் கசிகிறது, அல்லது மின்சுற்றில் பிழை: அறிகுறி 3. இரண்டாவது முதலாவதைவிடத் தெளிவாகக் கூடினால் கதிர் எங்கோ பட்டுத் தெறிக்கிறது. வில்லையின் முகத்தையும் கதிர் முடிவில் வைத்த கறுப்புக் குழாயையும் பாருங்கள். மூன்றாவது மட்டும் கூடினால் நீரோ கலமோ அழுக்கு: அறிகுறி 1. நான்காவது மூன்றாவதைப்போல் 10 மடங்காவது இல்லையென்றால் மாதிரி மிக ஐதாக இருக்கிறது, அல்லது முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) பிழை: அறிகுறி 2.

அமைப்பு நன்றாக வேலை செய்யும் நாளில் இந்த நான்கு இலக்கத்தையும் கொப்பியில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள். அறை வெப்பநிலையும் ஈரப்பதனும் பக்கத்தில் இருக்கட்டும். வாடைக்கால மழை நாளின் இலக்கத்தையும் கச்சான் வீசும் ஆடி மாதத்து இலக்கத்தையும் ஒப்பிட்டால், பாதிப் பிழையின் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி 1: வாசிப்பு திடீர் திடீரெனத் துள்ளுகிறது

ஒழுங்காகப் போகும் எண்ணிக்கை ஓரிரு செக்கனுக்கு இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு ஏறி மீண்டும் இறங்கும். கோரிலேற்றர் வளையி அடிக்கோட்டுக்கு வராமல் மேலேயே தொங்கும். கைப்பேசிக் கமராவைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: சுத்தமான மாதிரியில் கதிர் ஒரே சீரான மெல்லிய கோடாகத் தெரியும். இடையிடையே பொறிபோல் ஒரு புள்ளி மின்னி மிதந்து போனால் அது தூசி.

### நீரிலும் துள்ளுகிறது

முதல் சந்தேகம் நீர்மேல். பெற்றோல் செட்டில் வாங்கும் பற்றரி நீரில் உப்பு குறைவு, அவ்வளவுதான். தூசி இல்லை என்று யாரும் உறுதி தரவில்லை. ஆய்வுகூடத்தில் வடித்த நீரும் பிளாஸ்டிக் போத்தலில் கிடந்தால் அப்படித்தான். எந்த நீரானாலும் 0.2 மைக்ரோமீற்றர் சிரிஞ்ச் வடியினூடே விட்டுத்தான் பாவிக்க வேண்டும். புதிய வடி தன் துகளையே முதலில் கழற்றி விடும் என்பதால் முதல் 1 மில்லிலீற்றரைக் கொட்டிவிடுங்கள். சிரிஞ்சை மெதுவாகத் தள்ளுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் மென்தாள் கிழியும், கிழிந்ததும் வெளியே தெரியாது. தள்ளும்போது திடீரென இலகுவாகிவிட்டால் அந்த வடியை எறியுங்கள்.

அடுத்தது கலம். வடிகட்டிய நீரால் மூன்று முறை அலசி, தூசி இல்லாத தாளின் மேல் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி உலர விடுங்கள். உட்சுவரைத் துடைக்கவே கூடாது; எந்தத் துணியும் நூல் விடும். கண்ணாடிக் கலத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் அசற்றோனால் அலசலாம். பிளாஸ்டிக் கலத்தில் அசற்றோன் பட்டால் சுவர் கரைந்து பால்போல் ஆகிவிடும், அதற்கு ஐசோபுரோப்பனோல் மட்டுமே. கலத்தைப் பிடிப்பது எப்போதும் மேல் விளிம்பில். விரல் பட்ட முகத்தில் கதிர் விழுந்தால் அந்த ரேகையே பெரிய சிதறல் மூலமாகிவிடும்.

நிரப்பும்போது சிரிஞ்ச் முனையைச் சுவரோடு சாய்த்து வழிய விடுங்கள். குளிர்ந்த நீரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே நிரப்பினால் கரைந்திருந்த காற்று குமிழியாகிச் சுவரில் ஒட்டும். குமிழியின் துள்ளலும் தூசியின் துள்ளலும் வளையியில் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீர் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு நிரப்பி, மூடி, 10 நிமிடம் அசையாமல் விட்டு அளவுங்கள். கலத்தைக் குலுக்குவது அடியில் படிந்ததை மீண்டும் கதிருக்குள் அனுப்புவதுதான்.

### நீர் அமைதி, மாதிரி மட்டும் துள்ளுகிறது

துணிக்கைகள் கட்டிபட்டிருக்கின்றன. பொலிஸ்டைரீன் லேற்றெக்ஸ் (அளவு தெரிந்த நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள் மிதக்கும் நீர்) போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் உறைபெட்டியை ஒட்டி இருந்ததா என்று கேளுங்கள். ஒருமுறை உறைந்த லேற்றெக்ஸ் மீண்டும் பிரியாது, வேறு போத்தல்தான். உறையவில்லை என்றால் மீயொலித் தொட்டியில் 1 அல்லது 2 நிமிடம் வைத்து, 0.45 மைக்ரோமீற்றர் வடியினூடே விட்டுப் பாருங்கள். 100 நனோமீற்றர் துணிக்கை அதில் தடையின்றிப் போகும், கட்டிகள் நிற்கும்.

பாலை ஐதாக்கிப் பாவிப்பவர்களுக்கு ஒரு சொல். பாலில் கேசின் துணிக்கைகளோடு சில மைக்ரோமீற்றர் பருமனான கொழுப்புத் துளிகளும் உண்டு. கதிரைச் சீராக்க, கோணங்களைச் சரிபார்க்கப் பால் நல்லது, மலிவு. அளவு காண அது வேண்டாம். கொழுப்பு நீக்கிய பாலானாலும் காலையில் கலந்ததை மாலையில் நம்பாதீர்கள்.

### கலமே இல்லாமல் துள்ளுகிறது

கச்சான் காலத்தில் யன்னல் திறந்திருந்தால் காற்றில் வரும் மண் தூசியே கதிரைக் கடந்து போகும். யன்னலை மூடி, கதிர் போகும் பாதை முழுவதையும் கறுப்புக் கடதாசிக் குழாயால் மூடுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் லேசரை மூடிப் பாருங்கள். இருளிலும் துள்ளினால் பி.எம்.டி. குழாயின் உயர் வோல்ற்றுப் பகுதியில் ஈரத்தால் பொறி கசிகிறது. அறிகுறி 3க்குப் போங்கள்.

## அறிகுறி 2: 30 பாகையில் பளிச்சென்கிறது, 90 பாகையில் ஒன்றுமில்லை

ஆளை மிரட்டும் அறிகுறி இது, ஆனால் பெரும்பாலும் ஒரு சதமும் செலவில்லாமல் தீரும். லேசரின் முனைவாக்கம் கிடையாக இருக்கிறது. சிறு துணிக்கைகள் அந்தத் திசையில் ஒளியை அனுப்புவதில்லை. சோதனை எளிது: கலத்தை நேர் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கமராவில் பாருங்கள். மேலிருந்து கதிர் பிரகாசமாகவும் பக்கத்திலிருந்து மங்கலாகவும் தெரிந்தால் சந்தேகமே இல்லை. லேசர் உடலை அதன் அச்சில் 90 பாகை திருப்பிப் பூட்டுங்கள். திருப்பிய பிறகு கதிர் கலத்தின் நடுவே போகிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும்.

திருப்பியும் செறிவு நிமிடக்கணக்கில் ஏறி இறங்கினால் அந்த ஹீலியம்-நியோன் குழாய் நிலையான முனைவாக்கம் இல்லாத வகை. சூடாகி முடியும்வரை அரை மணி நேரம் எரிய விடுங்கள். பிறகும் மிச்சம் இருந்தால் கதிர்ப் பாதையில் முனைவாக்கத் தகடு போடுவது மட்டும் தீர்வல்ல: அந்த ஏற்ற இறக்கத்தை அது இன்னும் கூட்டிக் காட்டும். முனைவாக்கத் தகட்டைக் கடந்த கதிரில் 4 வீதத்தைக் கண்ணாடித் தகடொன்றால் பிரித்து இரண்டாவது போட்டோ டயோடில் அளந்து வகுக்கலாம். அந்தக் கண்ணாடித் தகடு கதிருக்குச் செங்குத்துக்கு மிக அருகில் இருக்கட்டும், 45 பாகையில் வைத்தால் பிரியும் பங்கு முனைவாக்கத்துக்கு ஏற்ப மாறும். அளவு காணும் வேலைக்கு முனைவாக்கிய லேசர் வாங்குவதே நேர்வழி.

## அறிகுறி 3: இருளிலும் வாசிப்பு உயர்வு, அல்லது மெல்ல மெல்ல ஏறுகிறது

அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். இறங்கினால் வெளிச்சக் கசிவு. பெட்டியின் மூலை, வயர் நுழையும் துளை, சுழல் கையின் தண்டு புகும் இடம் ஆகிய மூன்றும்தான் வழக்கமான ஓட்டைகள். மின்சார ரேப்பின் பசை இங்குள்ள வெக்கையில் வழுகி ஒரு மாதத்தில் விலகிவிடும். இரண்டு மடிப்புக் கறுப்புத் துணியை உள்ளிருந்து ஒட்டுவது நிலைக்கும். கருவிகளின் சிறு எல்.ஈ.டி. விளக்குகளையும் மறக்க வேண்டாம்.

விளக்கை அணைத்தும் இறங்கவில்லையா? போட்டோ டயோட் என்றால் அதன் சமிக்ஞையைப் பெருக்கும் விரியலாக்கிப் பலகையைப் பாருங்கள். பின்னூட்டத் தடையி 100 மெகா ஓம் என்றும், 12 வோல்ற் கோட்டுக்கும் உள்ளீட்டுக் காலுக்கும் இடையே உப்பும் ஈரமும் சேர்ந்து 10 கிகா ஓம் படலம் ஒன்று உண்டாகிவிட்டது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதனூடே 1.2 நனோஅம்பியர் கசியும், வெளியீட்டில் 0.12 வோல்ற் பொய்யாக நிற்கும். காலையில் குறைவாகவும் மழை பிடித்ததும் கூடுதலாகவும் இருப்பது இதன் அடையாளம். வலுவை நிறுத்தி, மென்தூரிகையில் ஐசோபுரோப்பனோல் தொட்டுப் பலகையின் இரு பக்கத்தையும் கழுவி, வெதுவெதுப்பான காற்றில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். பிறகு அந்தத் தடையியின் உடலை விரலால் தொடாதீர்கள். சிறிய மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு பலகையை வைத்தால் அடுத்த மாரிவரை நிற்கும்.

பி.எம்.டி. குழாய் என்றால், வோல்ற்று இல்லாமலேயே அறை வெளிச்சத்தில் திறந்து கிடந்ததா என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கிடந்தால் இருள் எண்ணிக்கை பல மணி நேரம் உயர்ந்து நிற்கும். இருளில் இரவு முழுக்க விட்டு மறுநாள் அளவுங்கள், பெரும்பாலும் இறங்கிவிடும். வோல்ற்று இருக்கையில் வெளிச்சம் பட்டிருந்தால் நிலைமை வேறு. மறுநாளும் இறங்காவிட்டால் குழாய் கெட்டது என்று எடுக்கலாம். வெப்பத்தோடு இருள் எண்ணிக்கை ஏறுவது அதன் இயல்பு, ஆகவே 33 பாகை செல்சியஸ் அறையில் எடுத்ததை ஏசி அறையில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள்.

குழாயின் அடிப் பொருத்தியில் ஈரம் இருந்தால் துள்ளலும் உயர்வும் சேர்ந்து வரும். குழாய்ப் பெட்டிக்குள் வைக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானதும் எடுத்து 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி மீண்டும் வையுங்கள். நீல வகையில் கோபாற்று உப்பு உண்டு, ஆகவே உணவு சமைக்கும் ஓவனில் உலர்த்த வேண்டாம்.

இங்கே நிறுத்த வேண்டிய எல்லை: பி.எம்.டி. குழாய்க்குப் போவது ஏறக்குறைய 1000 வோல்ற். பொருத்தியைக் கழற்றித் தடையிச் சங்கிலியை மாற்றுவது உயர் வோல்ற்றில் பழகிய மின்னணுத் தொழில்நுட்பவியலாளரின் வேலை.

## அறிகுறி 4: கோரிலேற்றர் வளையியில் அலை அலையாக மேடு

மேடுகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால் குற்றவாளி கிடைத்துவிடும்.

10 மில்லிசெக்கன்: ரியூப்லைற் அல்லது எல்.ஈ.டி. பல்ப். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிக்கும். கசிவை அடையுங்கள்.

20 மில்லிசெக்கன்: எர்த் வளையம் (கருவிகள் வெவ்வேறு வழியாக எர்த் ஆவதால் ஓடும் மின்னோட்டம்), அல்லது சமிக்ஞை வயர் மின்வயருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. எல்லாக் கருவியையும் ஒரே பலகைச் செருகியில் எடுத்துப் பாருங்கள். மின்வெட்டுக்காக வைத்த மலிவு யூ.பி.எஸ். சதுர அலை கொடுத்தாலும் இதே தொல்லை வரும். அதை நேர் மின்சாரத்துக்கு மாற்றியதும் மேடு மறைந்தால் சைன் அலை தரும் யூ.பி.எஸ். தேவை. செருகியிலேயே எர்த் இல்லை என்று தெரிந்தால் மேலே தொட வேண்டாம், உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

60 முதல் 70 மில்லிசெக்கன்: சீலிங் பான். மூன்று தகட்டு விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 67 மில்லிசெக்கனுக்கு ஒரு தகடு கடந்து போகும். அணைத்துவிட்டு அளவுங்கள்.

ஒழுங்கில்லாமல் நீண்டு அசைந்தால் மேசை அதிர்கிறது. பாதிக் காற்றடித்த மோட்டார் சைக்கிள் ரியூப் இரண்டின் மேல் கனமான கருங்கல் பலகையை வைத்து அதன்மேல் அமைப்பைப் பூட்டுவது பல ஆயிரம் டொலர் மேசை செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். ஏசியின் காற்று நேரே பலகைமேல் அடிக்காமல் தகட்டைத் திருப்பிவிடுங்கள்.

## அறிகுறி 5: வளையி சரியான வடிவம், ஆனால் உயரம் இல்லை

தொடக்க உயரம் 0.8, 0.9 வரவேண்டிய இடத்தில் 0.1 வருகிறது. துள்ளல் இல்லை, அலை இல்லை.

வேண்டாத ஒளியை முதலில் நீக்குங்கள். அது எவ்வளவு கேடு என்பது பலருக்குத் தெரிவதில்லை: எண்ணிக்கையில் பாதி அசையாத பின்னணியாக இருந்தால் உயரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். நான்கு வாசிப்பை எடுத்துப் பின்னணி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

அடுத்தது பி.எம்.டி. குழாய்க்கு முன்னாலுள்ள ஊசித்துளை. சிதறும் கனவளவின் அகலம் 0.2 மி.மீ., ஊசித்துளை 300 மி.மீ. தொலைவில் என்றால் ஒளித்திட்டு (சிதறிய லேசர் ஒளியில் தெரியும் புள்ளி) ஒன்றின் அகலம் ஏறத்தாழ 0.95 மி.மீ. ஊசித்துளை அதைவிடச் சிறியதாக, 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ. துளை வைத்தால் எண்ணிக்கை அழகாகக் கூடும், உயரம் செத்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் துளையைப் பெருப்பிக்காமல் அளக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். செக்கனுக்கு 50 ஆயிரம் முதல் 3 இலட்சம் எண்ணிக்கை வசதியான வீச்சு.

மாதிரி அடர்த்தி கூடினாலும் உயரம் குறையும். கலத்துக்குப் பின்னால் பத்திரிகைத் தாளைப் பிடித்தால் எழுத்து மூட்டமில்லாமல் தெரிய வேண்டும். கதிரைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கக்கூடாது.

இவை மூன்றும் சரியென்றால்தான் லேசரைச் சந்தேகியுங்கள். மலிவான சிவப்பு டயோட் பல அலைநீளங்களில் தாவும். கலத்தின் முகத்திலிருந்து தெறித்த ஒளி டயோடுக்குள் திரும்பிப் போனால் தாவல் இன்னும் கூடும். கலத்தை 2, 3 பாகை சாய்த்துப் பாருங்கள். உயரம் ஏறினால் அதுதான் காரணம்.

வளையியின் முதல் 1 மைக்ரோசெக்கனில் மட்டும் கூரிய ஏற்றம் இருந்தால் அது பி.எம்.டி. குழாயின் பின்துடிப்பு (உண்மைத் துடிப்புக்குப் பின் குழாயே உண்டாக்கும் பொய்த் துடிப்பு). 2 மைக்ரோசெக்கனிலிருந்து பொருத்துங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

## அறிகுறி 6: தெரிந்த துணிக்கை பிழையான அளவு காட்டுகிறது

ஒப்பிட ஓர் இலக்கம் கையில் இருக்கட்டும். நீரில் 100 நனோமீற்றர் விட்டமுள்ள லேற்றெக்ஸ், 90 பாகைக் கோணம், 632.8 நனோமீற்றர் லேசர், 30 பாகை செல்சியஸ்: வளையி தன் உயரத்தில் 37 வீதத்துக்கு இறங்க ஏறத்தாழ 0.26 மில்லிசெக்கன் எடுக்கும். 25 பாகை செல்சியஸில் அது 0.29. பச்சை 532 லேசர் என்றால் 30 பாகை செல்சியஸில் 0.18.

### சில வீதம் மட்டும் பிழை

வெப்பநிலை. நீரின் பாகுநிலை 25 பாகை செல்சியஸில் 0.89, 30இல் 0.80 மில்லிபஸ்கால் செக்கன். ஒரு பாகைப் பிழை அளவில் 2 வீதத்துக்கு மேல் பிழை. மென்பொருளில் 25 என்று விட்டுவிட்டு 31 பாகை அறையில் அளந்தால் 100 நனோமீற்றர் 90க்குக் கீழே காட்டும். சுவரில் தொங்கும் வெப்பமானியை நம்பாமல், அருகில் அதே நீர் நிரப்பிய இன்னொரு கலத்தில் வெப்பமானி முனையை வைத்து வாசியுங்கள்.

அறையைக் குளிர்த்திப் பிழையைத் தீர்க்கப் போவது இங்கு வேறு தொல்லையைக் கொண்டுவரும். 30 பாகை செல்சியஸ், 80 வீத ஈரப்பதன் உள்ள காற்றின் பனிபடுநிலை 26 பாகை. கலத்தை 20 பாகையில் வைத்திருக்கும்போது கதவு திறந்து வெளிக்காற்று வந்தால் கலத்தின் முகத்தில் பனி பூக்கும். 30 பாகையில் நிலைநிறுத்தி அளப்பதே திருகோணமலைக்கு ஏற்றது.

100க்குப் பதில் சில நனோமீற்றர் கூடுதலாக, எப்போதும் ஒரே அளவில் வருகிறதா? சுத்த நீரில் ஐதாக்கியிருப்பீர்கள். லீற்றருக்கு 0.58 கிராம் சோடியம் குளோரைட் இட்ட நீரில் (10 மில்லிமோலார்) ஐதாக்குங்கள்.

### இரண்டு மடங்குக்கு அருகில் காட்டுகிறது

சுவரிலிருந்து தெறித்த லேசர் ஒளி சிதறிய ஒளியோடு கலக்கிறது. அப்போது வளையி பாதி வேகத்தில் இறங்கும், துணிக்கை இருமடங்காகத் தோன்றும். உயரமும் சேர்ந்து குறைந்திருக்கும். கலத்தைச் சற்றே திருப்புங்கள், ஊசித்துளை சுவரைப் பார்க்காமல் கலத்தின் நடுவைப் பார்க்கச் செய்யுங்கள், கீறல் விழுந்த கலத்தை ஒதுக்குங்கள். கோணத்துக்குக் கோணம் அளவு மாறினால் இந்தச் சந்தேகம் உறுதிப்படும்.

### சிறிதாகக் காட்டுகிறது

மாதிரி அடர்த்தி. ஒளி ஒன்றுக்கு மேற்பட்ட துணிக்கையில் பட்டுச் சிதறும்போது வளையி வேகமாக இறங்கும். மாதிரியைச் சரி பாதியாக ஐதாக்குங்கள்: எண்ணிக்கை பாதியாகி அளவு மாறாமல் இருந்தால் அடர்த்தி சரி. அளவு ஏறினால் மேலும் ஐதாக்கி, மாறாத இடம் வரும்வரை போங்கள். நிறமுள்ள மாதிரியாக இருந்தால் கதிர் அதைச் சூடாக்கிச் சுழற்றும். கலத்துக்கு அப்பால் அட்டையில் விழும் புள்ளி வளையம் வளையமாக விரிந்தால் லேசரின் வலுவைக் குறைக்க வேண்டும்.

## அறிகுறி 7: இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துவரவில்லை

கதிரின் இரு பக்கத்திலும் ஒரே கோணத்தில் ஒரே செறிவு வராவிட்டால், சுழல் கையின் அச்சில் ஒரு தையல் ஊசியை நிறுத்துங்கள். கதிர் ஊசியைத் தொட வேண்டும், கையை 30இலிருந்து 150 பாகைவரை திருப்பும்போது ஊசி உணரியின் நடுவிலேயே நிற்க வேண்டும். அரை மில்லிமீற்றர் விலகினாலும் வளைவு சாயும். முதலில் கதிரை அச்சுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கையை, கடைசியில் கலத்தை. இந்த வரிசையை மாற்றினால் முடிவே வராது.

சதுரக் கலத்தில் 90 பாகையைத் தவிர வேறு கோணத்தை நம்ப வேண்டாம். மற்றக் கோணங்களில் ஒளி சுவரைச் சாய்வாகக் கடந்து முறியும். வட்டக் குப்பி எடுங்கள். எதிர்ச் சுவரில் 4 வீதம் ஒளி தெறித்துத் திரும்பி வருவதால் 150 பாகையில் அளக்கும்போது 30 பாகையின் வலுவான சிதறலில் ஒரு பங்கும் சேரும். உயர்ந்த கோணங்கள் மட்டும் எதிர்பார்த்ததைவிட மேலே நின்றால் காரணம் இது.

## அறிகுறி 8: ஒளி வாரத்துக்கு வாரம் மங்குகிறது, கண்ணாடியில் மூட்டம்

கடற்காற்றின் உப்பு. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் படிந்த உப்புத் துகள் நீரை இழுத்துத் துளியாகும், இறங்கியதும் மீண்டும் பளிங்காகும். நிலாவெளியில் மாரிக்காலம் முழுக்க இது நடந்துகொண்டிருக்கும். உலர்ந்த தாளால் துடைத்தால் அந்தப் பளிங்கு வில்லையின் பூச்சைக் கீறும். முதலில் வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டு உப்பைக் கரைத்து வழிய விடுங்கள், பிறகு வில்லைத் தாளில் ஐசோபுரோப்பனோல் தொட்டு ஒரே திசையில் ஒருமுறை இழுங்கள். அதே தாளை மறுமுறை பாவிக்க வேண்டாம். லேசரின் வெளி முகத்துக்கும் இதே முறை, லேசரை அணைத்த பின்.

துடைத்தும் போகாமல் சிலந்தி நூல்போல் கிளைத்த கோடு தெரிந்தால் பூஞ்சணம். அது பூச்சை அரித்துவிட்டிருக்கும். தனி வில்லை என்றால் மாற்றுங்கள், திருத்தும் செலவு அதைவிடக் கூடும். பல வில்லை கொண்ட கமராக் குழல் என்றால் வில்லை திருத்துநரிடம் கொடுங்கள், கழற்றினால் திரும்பச் சீராக்க முடியாது. வேலை முடிந்ததும் வில்லைகள் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத உணவுப் பெட்டியில் இருக்கட்டும்.

## அறிகுறி 9: பச்சை லேசரில் மானி காட்டுவதும் கண் காண்பதும் பொருந்தவில்லை

மலிவான 532 லேசரிலிருந்து 808, 1064 நனோமீற்றர் அகச்சிவப்பும் சேர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாது, சிலிக்கன் டயோடுக்குத் தெரியும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடி ஒன்றை லேசர் வாயில் வையுங்கள். காப்புக் கண்ணாடியும் பச்சையோடு இந்த இரண்டு அகச்சிவப்பு அலைநீளத்தையும் தடுப்பதாக இருக்க வேண்டும்.

## அறிகுறி 10: லேசரே துடிக்கிறது, அல்லது எரியவில்லை

டயோட் என்றால் வெக்கையைப் பாருங்கள். அலுமினியத் துண்டில் இறுகப் பூட்டாத டயோட் 35 பாகை அறையில் மங்கும். அணைத்து ஆற விட்டதும் பழைய ஒளி வந்தால் வெப்பம் கடத்தும் பசை பூசி இறுக்குங்கள். வராவிட்டால் டயோட் போய்விட்டது.

ஹீலியம்-நியோன் என்றால் சாவி, பெட்டி மூடியின் பாதுகாப்பு சுவிற்ச், உருகி, சுவர்ச் செருகியின் வோல்ற்று ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். மின்னழுத்தம் இறங்கும் மாலை வேளையில் மட்டும் துடித்தால் குழாயில் பிழை இல்லை. டிக் டிக் என்று பற்ற முயன்று அணைந்தால் வலு வழங்கியோ குழாயோ முடிவுக்கு வந்திருக்கிறது. நெடுங்காலம் எரியாமல் கிடந்த குழாயிலிருந்து ஹீலியம் கசிந்திருக்கவும் கூடும்.

வலு வழங்கியைத் திறக்காதீர்கள். தொடங்கும் துடிப்பு 10 ஆயிரம் வோல்ற்றை எட்டும், எரியும்போது ஆயிரத்துக்கு மேல் நிற்கும், செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் ஏற்றம் தங்கியிருக்கும். லேசர் திருத்துநருக்கு அனுப்பும்போது குழாயையும் வழங்கியையும் பிரிக்காமல் சேர்த்தே அனுப்புங்கள். துடிக்கும் காணொளியையும் அந்த நேரத்துச் சுவர் வோல்ற்றையும் கூடவே கொடுத்தால் எது பழுது என்று அவர் மேசையிலேயே சொல்லிவிடுவார்.